பந்து வீச்சில் அசைவுப் பகுப்பாய்வு

பந்து வீச்சில் அசைவுப் பகுப்பாய்வு என்பது, கிரிக்கெட் பந்து வீச்சாளர் ஒருவர் ஓடத் தொடங்கியது முதல் பந்து அவர் கையை விட்டு நீங்கும் வரை, உடலின் ஒவ்வொரு பகுதியும் எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதைக் கருவிகளைக் கொண்டு அளந்து ஆராயும் முறையாகும். விளையாட்டு அறிவியலின் ஒரு பிரிவான உயிரிவிசையியல் இதற்கு அடிப்படை. உயிருள்ள உடலின் மீது செயல்படும் விசைகளையும், அவற்றால் ஏற்படும் அசைவுகளையும் இயற்பியல் விதிகளின்படி ஆராயும் துறையே உயிரிவிசையியல். 'பயோமெக்கானிக்ஸ்' என்ற பெயரிலும் இது அறியப்படுகிறது.

இம்முறை மூன்று கேள்விகளுக்கு விடை தேடப் பயன்படுகிறது. பந்தின் வேகம் உடலில் எங்கிருந்து பிறக்கிறது? வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகு ஏன் அடிக்கடி முறிவுக்கு உள்ளாகிறது? ஒருவர் பந்தை விதிப்படி வீசுகிறாரா, எறிகிறாரா? முதல் கேள்வி ஆட்டத்திறனைப் பற்றியது, இரண்டாவது உடல்நலத்தைப் பற்றியது, மூன்றாவது நீதியைப் பற்றியது. மூன்றுக்கும் வெறும் கண்ணால் சரியான விடை காண இயலாது என்பதே இத்துறை வளர்ந்ததற்குக் காரணம்.

== கண்ணின் எல்லை ==

வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் பதிவதற்கும் பந்து கையை விட்டு நீங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். ஓட்டத்தின் வேகம் பந்துக்கு மாறுவதும், முதுகெலும்பின் மீது பெருஞ்சுமை விழுவதும், முழங்கை நீள்வதும் மடங்குவதும் இந்தச் சிறிய இடைவெளியில்தான் நடக்கின்றன.

நொடிக்கு 25 படங்கள் எடுக்கும் சாதாரணக் காணொளியில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே 0.04 நொடி கழிகிறது. ஆகவே மேற்கூறிய 0.1 நொடியில் இரண்டு அல்லது மூன்று படங்களே கிடைக்கும். நொடிக்கு 250 படங்கள் எடுக்கும் கருவியில் அதே நேரத்திற்கு 25 படங்கள் கிடைக்கும். நீண்ட அனுபவமுள்ள பயிற்சியாளரின் கண்ணும் இந்த வேகத்தில் நடப்பதை முழுமையாகப் பிரித்தறிய இயலாது. அது ஒட்டுமொத்தத் தோற்றத்தைத்தான் காண்கிறது.

== வரலாறு ==

வேகமான அசைவைப் படங்களாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது அக்காலத்தில் விவாதத்துக்குரிய கேள்வியாக இருந்தது. 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 ஒளிப்படக் கருவிகளை வரிசையாக வைத்துப் படமெடுத்து இதற்கு விடை கண்டார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்டு. ஆனால் ஓவியர்கள் வரைந்து வந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அது நிகழ்வதில்லை. கால்கள் வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கும்போதே நிகழ்கிறது.

பிரான்சில் எத்தியென் ஜூல் மாரே 1882ஆம் ஆண்டில் நொடிக்கு 12 படங்கள் எடுக்கும் துப்பாக்கி வடிவக் கருவியை அமைத்தார். பின்னர் அவர் ஆட்களுக்குக் கறுப்பு உடை அணிவித்து, கை கால்களின் நீளத்திற்கு வெள்ளைக் கோடுகளைப் பொருத்திப் படமெடுத்தார். உடல் மறைந்து, கோடுகளின் அசைவு மட்டும் படத்தில் பதிந்தது. இன்றைய ஆய்வகங்களில் உடலின் மீது ஒளி திருப்பும் குமிழ்களை ஒட்டிப் படமெடுக்கும் முறைக்கு இதுவே முன்னோடி எனலாம்.

== அளக்கும் முறைகள் ==

இன்று பந்து வீச்சை ஆராயும் ஆய்வகங்களில் பின்வரும் கருவிகள் பயன்படுகின்றன.

; ஒளி திருப்பும் குமிழ்களும் ஒளிப்படக் கருவிகளும்
: தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் முதலிய இடங்களில் சிறிய குமிழ்கள் ஒட்டப்படும். சுற்றிலும் பொருத்தப்பட்ட பல கருவிகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இவற்றின் இருப்பிடத்தைப் பதிவு செய்யும். ஒரு குமிழைக் குறைந்தது இரண்டு கருவிகளாவது பார்த்தால்தான் அதன் நீள, அகல, உயர இருப்பிடத்தைக் கணக்கிட முடியும். இரு கண்களால் தொலைவை உணர்வதற்கு ஒப்பானது இது.

; விசைத் தட்டு
: ஆடுதளத்தில் முன்கால் பதியும் இடத்தில் தரையோடு தரையாகப் புதைக்கப்பட்டிருக்கும் தட்டு. கால் தரையை எவ்வளவு விசையுடன், எந்தத் திசையில் தாக்குகிறது என்பதை இது அளக்கும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே அளவு விசை எதிர்த்திசையில் உடலுக்குத் திரும்பி வருகிறது.

; தசை மின்பதிவு
: தோலின் மீது ஒட்டப்படும் மின்வாய்கள் மூலம் எந்தத் தசை எப்போது இயங்குகிறது என்பதை அறியும் முறை.

; உடலில் அணியும் உணரிகள்
: முடுக்கத்தையும் சுழற்சி வேகத்தையும் பதிவு செய்யும் சிறு கருவிகள். ஆய்வகத்துக்கு வெளியே, பயிற்சித் திடலிலேயே இவற்றைப் பயன்படுத்தலாம்.

குமிழ்கள் எதுவும் ஒட்டாமல், காணொளியிலிருந்தே மூட்டுகளின் இருப்பிடத்தைக் கணினி கண்டறியும் முறையும் அண்மைக் காலத்தில் வளர்ந்து வருகிறது.

== பந்து வீச்சின் கட்டங்கள் ==

பகுப்பாய்வுக்காக ஒரு பந்து வீச்சு ஆறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. அவை:

# ஓட்டம்
# துள்ளல்
# பின்கால் பதிதல்
# முன்கால் பதிதல்
# பந்து கையை விட்டு நீங்குதல்
# பின்தொடரும் அசைவு

பின்கால் பதிவதற்கும் முன்கால் பதிவதற்கும் இடைப்பட்டது வீச்சுக் காலடி எனப்படும். பின்கால் பதியும் கணத்தில் இடுப்பும் தோள்களும் எத்திசையில் இருக்கின்றன என்பதைக் கொண்டு வீச்சுப் பாணிகள் வகைப்படுத்தப்படுகின்றன. இடுப்பும் தோள்களும் பக்கவாட்டில் திரும்பி, முன்தோள் மட்டையாளரை நோக்கியிருந்தால் அது பக்கவாட்டுப் பாணி. நெஞ்சும் இடுப்பும் மட்டையாளரை நேராக நோக்கியிருந்தால் அது நேர்முகப் பாணி. இடுப்பு ஒரு திசையிலும் தோள்கள் வேறு திசையிலும் இருந்தால் அது கலப்புப் பாணி. கலப்புப் பாணியின் சிக்கல் கீழே முதுகு முறிவு பற்றிய பகுதியில் விளக்கப்படுகிறது.

== வேகம் பிறக்கும் இடம் ==

வேகப்பந்து வீச்சாளருக்குத் தோள் வலிமையே முதன்மை என்பது பரவலான எண்ணம். அளவீடுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். மணிக்கு 140 கி.மீ. என்பது நொடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். இந்த வேகத்தில் செல்லும் பந்தின் இயக்க ஆற்றல் சுமார் 120 ஜூல். ஓடி வரும் வீச்சாளரின் உடலில் உள்ள ஆற்றலோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. 80 கிலோ எடையுள்ளவர் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடி வந்தால் அவரிடமுள்ள இயக்க ஆற்றல் 1,440 ஜூல். எனவே ஆற்றலுக்குக் குறைவில்லை. அந்த ஆற்றலில் ஒரு பங்கை மிகக் குறுகிய நேரத்தில் பந்துக்கு மாற்றுவதே வேகப்பந்து வீச்சின் கலை.

இந்த மாற்றம் முன்காலில் தொடங்குகிறது. ஓடும் மிதிவண்டியின் முன்சக்கரம் திடீரென நின்றால் ஓட்டுபவர் முன்னோக்கித் தூக்கி எறியப்படுகிறார். அதுபோல, உறுதியாக ஊன்றிய முன்கால் உடலின் கீழ்ப்பகுதியைத் தடுத்து நிறுத்த, மேற்பகுதி முன்னோக்கி வேகமெடுக்கிறது. இடுப்பு, உடற்பகுதி, தோள், கை, மணிக்கட்டு என ஒவ்வொன்றும் தனக்கு முந்தியது வேகம் குறையும்போது வேகம் பெறுகிறது. சாட்டையின் பிடியில் தொடங்கும் அசைவு நுனியை அடையும்போது பெருவேகம் கொள்வது இதே முறையில்தான்.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயர்நிலை வேகப்பந்து வீச்சாளர்கள் 20 பேரை அளந்து 2013ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அதன்படி வேகமான வீச்சாளர்களிடம் நான்கு பண்புகள் காணப்பட்டன.

* அவர்களின் ஓட்டம் விரைவாக இருந்தது.
* பந்து கையை விட்டு நீங்கும் கணத்தில் முன்கால் முழங்கால் நேராக இருந்தது.
* முன்கால் பதிந்தது முதல் பந்து நீங்கும் வரை மேல்உடல் அதிகமாக முன்னோக்கி வளைந்தது.
* வீசும் கை தாமதமாகச் சுழன்று வந்தது.

வீச்சாளர்களுக்கிடையே காணப்பட்ட பந்து வேக வேறுபாட்டில் 74 விழுக்காட்டை இந்த நான்கைக் கொண்டே விளக்க முடிந்தது. நான்கில் ஒன்றுகூடத் தோள்வலிமை பற்றியதன்று என்பது கவனிக்கத்தக்கது. 'கையை வேகமாகச் சுழற்று' என்று மாணவரிடம் சொல்வதைவிட, முன்காலை மடங்கவிடாமல் ஊன்றச் சொல்வது பயனுள்ளதாக இருக்கலாம் என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது. ஆயினும், இந்த நான்கும் உயர்நிலை வீச்சாளர்களிடம் காணப்பட்டவை. தசை வலிமை முதிராத சிறுவருக்கு இவற்றை அப்படியே புகுத்த இயலாது.

== முதுகு முறிவு ==

வேகம் தரும் அதே முன்கால்தான் ஆபத்தையும் கொண்டு வருகிறது. முன்கால் பதியும்போது தரையிலிருந்து திரும்பி வரும் விசை, வீச்சாளரின் உடல் எடையைப் போல் ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு மடங்கு வரை இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவருக்கு ஆறு மடங்கு எனக் கொண்டால், ஒவ்வொரு பந்துக்கும் 360 கிலோ எடைக்குச் சமமான விசை ஒரு காலின் வழியாக மேலேறுகிறது. பத்து ஓவர் வீசினால் இது 60 முறை நிகழ்கிறது.

இந்த விசை வந்து சேரும் நேரத்தில் முதுகெலும்பு நேராக இருப்பதில்லை. பின்னோக்கியும் பக்கவாட்டிலும் வளைந்து, முறுக்கியும் இருக்கிறது. முள்ளெலும்பின் பின்பகுதியில் பாலம்போல் அமைந்த மெல்லிய எலும்புப் பகுதி ஒன்று உண்டு. கம்பி ஒன்றைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் அது ஒடிவதைப் போல, இப்பகுதியில் மெல்லிய கீறல் விழுகிறது. இது அழுத்த முறிவு எனப்படுகிறது. பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளில், வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் இது ஏற்படுகிறது. வலக்கை வீச்சாளருக்கு இடப்பக்கத்தில் வலி தோன்றுவது இதனால்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுவதும் கண்காணித்த ஆய்வு 1989ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 17. அந்த ஒரே பருவத்தில் அவர்களுள் 11 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டது. அதிகமாக வீசியதும், வீசும்போது தோள்கள் எதிர்த்திசையில் மிகுதியாகத் திரும்பியதும் காயத்தோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. தோள்களின் இந்த எதிர்ச்சுழற்சி கலப்புப் பாணியின் முதன்மை அடையாளம். இடுப்பு ஏற்கெனவே மட்டையாளரை நோக்கியிருக்க, தோள்கள் மட்டும் பின்னோக்கித் திரும்பி மீண்டும் முன்னே வருவதால் கீழ்முதுகு துணி பிழிவதைப் போல் முறுக்கப்படுகிறது. பின்னர் வந்த ஆய்வுகள் உடல் பக்கவாட்டில் அதிகமாகச் சாய்வதையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டின.

பக்கவாட்டுப் பாணி, நேர்முகப் பாணி என்ற இரண்டில் எது சிறந்தது என்ற பழைய விவாதம் இதனால் பொருளிழந்தது. இடுப்பும் தோள்களும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்பதே முதன்மையான கேள்வியானது.

=== டென்னிஸ் லில்லியின் மீட்சி ===

ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி 1973ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தின்போது கீழ்முதுகில் அழுத்த முறிவுகளுக்கு உள்ளானார். அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது என்று பலரும் கருதினர். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடற்கல்வி அறிஞர் பிராங்க் பைக்கின் வழிகாட்டுதலில் உடலை வலுப்படுத்தி, வீச்சு முறையையும் திருத்திக்கொண்டு, 1974–75ஆம் ஆண்டு ஆஷஸ் தொடரில் மீண்டும் களமிறங்கினார். 1984ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது 70 டெஸ்ட் ஆட்டங்களில் 355 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். அது அன்றைய உலக சாதனையாகும். முறிந்த முதுகோடு ஒருவர் மீண்டும் வேகமாக வீச முடியும் என்பதற்கும், அதற்கு ஓய்வு மட்டும் போதாது என்பதற்கும் அவர் எடுத்துக்காட்டானார்.

1987ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையத்தின் இயக்குநராக லில்லி பொறுப்பேற்று, 2012ஆம் ஆண்டு வரை அப்பணியில் இருந்தார். ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் உள்ளிட்ட பலர் அங்கு பயிற்சி பெற்றனர். லில்லிக்குப் பின் கிளென் மெக்ராத் அப்பொறுப்பை ஏற்றார்.

அறிவியல் வளர்ந்த பின்னும் முதுகு முறிவு மறைந்துவிடவில்லை. ஜஸ்பிரீத் பும்ரா 2019ஆம் ஆண்டில் கீழ்முதுகில் அழுத்த முறிவுக்கு உள்ளானார். 2022ஆம் ஆண்டில் மீண்டும் முதுகுச் சிக்கலால் ஆட்டங்களைத் தவறவிட்டு, 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆட்டத்திற்குத் திரும்பி, 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையின் தொடர் நாயகனாகத் தேர்வானார்.

== முழங்கை விதி ==

கிரிக்கெட் விதிப்படி பந்து வீசப்பட வேண்டும், எறியப்படக் கூடாது. வீசும் கை தோள் உயரத்திற்கு வந்ததிலிருந்து பந்து கையை விட்டு நீங்கும் வரை மடங்கிய முழங்கை நீளுவதே எறிதல் எனப்படுகிறது. கை மடங்கியிருப்பது குற்றமன்று. மடங்கிய கை நீளுவதே குற்றம். இந்த வேறுபாட்டை அறியாததே பல தவறான குற்றச்சாட்டுகளுக்குக் காரணமாக இருந்துள்ளது.

நீண்ட காலம் இதைத் தீர்மானிக்க நடுவரின் கண் மட்டுமே இருந்தது. பின்னர் வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை, மிதவேக வீச்சாளருக்கு 7.5 பாகை, சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகை என வரம்புகள் வகுக்கப்பட்டன. ஆனால் 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டங்களின் அதிவேகக் காணொளிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ எல்லா வீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நீளுவது தெரியவந்தது. குற்றமற்றவர்கள் என எவரும் ஐயுறாத வீச்சாளர்களும் இதில் அடங்குவர். ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டும்போதுதான் நீட்சி வெறும் கண்ணுக்குப் புலப்படத் தொடங்குகிறது என்று ஆய்வாளர்கள் கூறினர். அதன் அடிப்படையில் 2005 மார்ச் 1 முதல் எல்லா வகை வீச்சாளர்களுக்கும் 15 பாகை என்ற ஒரே வரம்பைப் பன்னாட்டு கிரிக்கெட் அவை நடைமுறைப்படுத்தியது.

சிலருக்கு முழங்கை நேர்கோட்டையும் தாண்டிப் பின்புறமாக வளையும். இது மிகைநீட்சி எனப்படும். சோயிப் அக்தர், பும்ரா ஆகியோரிடம் இது காணப்படுகிறது. உடலமைப்பால் நிகழும் இதனை விதி கணக்கில் கொள்வதில்லை.

=== முத்தையா முரளிதரன் ===

இலங்கையின் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரனின் வரலாறு இத்துறையின் மிக முதன்மையான நிகழ்வாகும். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ன் டெஸ்ட் ஆட்டத்தில், அவர் பந்தை எறிவதாகக் கூறி நடுவர் டேரல் ஹேர் ஏழு பந்துகளை முறையற்றவை என அறிவித்தார். சில நாள்களில் பிரிஸ்பேனில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் வேறொரு நடுவரும் அவ்வாறே செய்தார். பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஓர் இளைஞர் ஏமாற்றுக்காரர் எனக் குறிக்கப்பட்டார். அதை மறுக்க அவரிடம் சொல் இருந்தது, சான்று இல்லை.

1996ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் நடந்த சோதனைகள் அந்தச் சான்றை வழங்கின. முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீளாத அமைப்புடையது. மடங்கிய நிலையிலுள்ள அந்தக் கை, தோளிலிருந்து சுழலும்போது நீளுவதுபோல் தோன்றுகிறதே தவிர உண்மையில் நீளுவதில்லை என ஆய்வாளர்கள் கண்டனர்.

இத்தோற்ற மயக்கத்தை எளிய சோதனை ஒன்றால் அறியலாம். கம்பித் துண்டு ஒன்றை நடுவில் சிறிது வளைத்து, வெயிலில் பிடித்து மெல்லச் சுழற்றினால், தரையில் விழும் நிழல் ஒரு கணம் வளைந்தும் மறுகணம் நேராகவும் தெரியும். கம்பியின் வளைவு மாறவில்லை; பார்க்கும் கோணமே மாறியது. ஒரு திசையிலிருந்து பார்க்கும் நடுவரின் கண்ணும், ஒரே ஒரு தொலைக்காட்சிக் கருவியும் காண்பது இந்த நிழலைத்தான். பல கருவிகளைக் கொண்டு முப்பரிமாணத்தில் அளந்தால் மட்டுமே கம்பியைக் காண முடியும்.

2004ஆம் ஆண்டில் முரளிதரனின் 'தூஸ்ரா' வகைப் பந்து குறித்து மீண்டும் புகார் எழுந்தது. சோதனையில் அப்பந்தை வீசும்போது முழங்கை சுமார் 14 பாகை நீளுவதும், திருத்தப் பயிற்சிக்குப் பின் அது சுமார் 10 பாகையாகக் குறைந்ததும் கண்டறியப்பட்டன. அன்றைய 5 பாகை வரம்பை அது மீறியதால் அவர் அப்பந்தை வீசுவதைத் தவிர்க்க நேர்ந்தது. அதே ஆண்டில், முழங்கை அசைய இயலாதவாறு உலோகக் கம்பிகள் வைத்த உறையைக் கையில் அணிந்து அவர் தம் பந்து வகைகளைத் தொலைக்காட்சிக் கருவிகளுக்கு முன் வீசிக் காட்டினார். 2005ஆம் ஆண்டின் புதிய வரம்புக்குள் அவரது எல்லாப் பந்துகளும் அடங்கின. 2010 ஜூலையில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அவருக்காகவே விதி தளர்த்தப்பட்டது என்று கூறுவோர் இன்றும் உள்ளனர். ஆனால் பழைய வரம்பைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியிருந்தால், அவருக்கு முன் பல புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர்களும் தடை செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதே 2004ஆம் ஆண்டு அளவீடுகள் காட்டிய உண்மை.

== சோதனையும் திருத்தமும் ==

பன்னாட்டு ஆட்டங்களில் ஒருவரின் வீச்சு மீது நடுவர்கள் ஐயம் தெரிவித்தால், அவர் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறார். ஆட்டத்தில் வீசியதுபோலவே ஆய்வகத்திலும் வீசுகிறாரா என்பது ஆட்டக் காணொளியுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். முழங்கை 15 பாகைக்கு மேல் நீண்டால் பந்து வீசத் தடை விதிக்கப்படும். வீச்சைத் திருத்திக்கொண்டு மறுசோதனை கோரலாம். சென்னையிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையமும் இத்தகைய அங்கீகாரம் பெற்றதாகும். 2014 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் சயீத் அஜ்மல், வீச்சைத் திருத்திக்கொண்டபின் சென்னையில் சோதிக்கப்பட்டு 2015ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டார்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜன், டென்னிஸ் பந்து ஆட்டங்களில் வளர்ந்தவர். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானவுடன் அவரது வீச்சு ஐயத்துக்குரியது எனப் புகார் செய்யப்பட்டது. பயிற்சியாளர்களின் உதவியுடன் அவர் தம் வீச்சை மாற்றியமைத்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கினார். முறையான திருத்தம் கிடைத்தால் புகார் ஒரு வீரரின் முடிவாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் சான்று. உதவி கிடைக்காமல் அந்த இடத்திலேயே ஆட்டத்தை விட்டுவிட்ட சிற்றூர் இளைஞர்களின் பெயர்கள் பதிவுகளில் இல்லை.

== பள்ளித் திடலில் பயன்பாடு ==

ஆய்வகம் எல்லாருக்கும் எட்டாது. எனினும் இத்துறையின் கண்டறிதல்களில் சிலவற்றைப் பள்ளித் திடலிலேயே பயன்படுத்தலாம். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவசைவுப் பதிவு உள்ளது. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் நிறுத்தி, பந்து வீசும் கோட்டிற்கு நேர் பக்கவாட்டிலிருந்து ஒருமுறையும், மட்டையாளர் பக்கத்தில் வலைக்குப் பின்னாலிருந்து ஒருமுறையும் படமெடுக்க வேண்டும். பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

* பின்கால் பதியும்போது இடுப்பும் தோள்களும் ஒரே திசையில் உள்ளனவா?
* அதன்பின் தோள்கள் பின்னோக்கித் திரும்புகின்றனவா?
* முன்கால் பதிந்தபின் முழங்கால் மடங்கிச் சரிகிறதா, தாங்கி நிற்கிறதா?
* பந்து நீங்கும் கணத்தில் தலையும் உடலும் பக்கவாட்டில் மிகையாகச் சாய்கின்றனவா?
* முதல் ஓவரில் இருந்த அசைவு கடைசி ஓவரிலும் அப்படியே இருக்கிறதா?

இறுதிக் கேள்வி முதன்மையானது. களைப்பு ஏறும்போது அசைவு குலைகிறது. குலைந்த அசைவில் முதுகின் சுமை கூடுகிறது.

கைப்பேசிகூட இல்லாதவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு: பந்துகளை எண்ணுவது. வளரும் வயதில் முதுகெலும்பு முழுமையாக உறுதி அடைவதில்லை. இருபது வயதைக் கடந்த பின்னும் அது வலுப்பெற்று வருகிறது. எனவே இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் கிரிக்கெட் வாரியங்கள் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுக்கேற்ற வரம்புகளை வகுத்துள்ளன. நன்றாக வீசும் மாணவருக்குப் பள்ளி அணி, மாவட்ட அணி, தெருவோர அணி என எல்லாவற்றிலும் அழைப்பு வரும். ஒவ்வோர் அணியும் தன் பங்கை மட்டுமே அறியும். வாரத்தில் மொத்தம் எத்தனை பந்துகள் வீசப்பட்டன என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், சுமை திடீரெனக் கூடும் வாரங்கள் தெரியவரும். காயங்கள் பெரும்பாலும் அத்தகைய திடீர் உயர்வைத் தொடர்ந்தே வருகின்றன. கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி நீடித்தால், குறிப்பாகப் பின்னோக்கி வளையும்போது அது கூடினால், வீசுவதை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். தைலம் தடவி ஆட்டத்தைத் தொடர்வது கீறலை முழு முறிவாக்கிவிடலாம்.

== வரம்புகள் ==

அசைவுப் பகுப்பாய்வுக்கும் எல்லைகள் உண்டு. குமிழ்கள் தோலின் மீது ஒட்டப்படுகின்றன. தோலோ எலும்பின் மீது வழுக்கி நகர்கிறது. ஆகவே ஆய்வக அளவீட்டிலும் சிறு பிழை தவிர்க்க முடியாதது. ஒரே கைப்பேசியில் எடுத்த காணொளி இருபரிமாணப் படம் மட்டுமே. அதைக் கொண்டு முழங்கை எத்தனை பாகை நீண்டது என்று தீர்ப்பு வழங்கக் கூடாது. அவ்வாறு செய்வது நிழலைப் பார்த்துக் கம்பியைக் குற்றம் சாட்டுவதாகும்.

மேலும், சராசரிகள் ஒவ்வோர் உடலுக்கும் பொருந்துவதில்லை. பும்ராவின் குறுகிய ஓட்டமும், மலிங்காவின் தாழ்ந்த கைவீச்சும் எந்தப் பயிற்சி நூலின் இலக்கணத்திலும் அடங்காதவை. அவற்றைத் திருத்த முற்பட்டிருந்தால் இரு சிறந்த வீச்சாளர்களை ஆட்டம் இழந்திருக்கும். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதை எண்கள் சொல்வதில்லை. அது மாணவரை நாள்தோறும் காணும் பயிற்சியாளரின் முடிவு. அந்த முடிவை ஊகத்தின் மீது அமைக்காமல், உடலில் உண்மையில் நிகழ்வதன் மீது அமைக்க உதவுவதே அசைவுப் பகுப்பாய்வின் பயனாகும்.